படிக்கிறார்கள், பதில் போடுவதில்லை

வணக்கம் மேடம்.

எனக்கு 67 வயது. கூட்டுறவு வங்கியில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் பெங்களூரில், மகள் மஸ்கட்டில். குடும்பத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்ததே நான்தான். தினமும் காலையில் வணக்கமும் ஒரு திருக்குறளும் போடுகிறேன். நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. செய்தியை அழுத்திப் பிடித்தால் யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று காட்டுகிறதே, அதில் பார்த்தால் மகன் ஏழு மணிக்கே படித்திருப்பான். ஒரு கும்பிடு பொம்மை போடக்கூட நேரமில்லை. ஸ்டேட்டஸ் வைக்க மட்டும் நேரம் இருக்கிறது. மருமகளோ கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தாள் என்பதே தெரியாதபடி செய்து வைத்திருக்கிறாள். என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

பிள்ளைகளை ஒரு குறையும் இல்லாமல் வளர்த்தேன். கண்டிப்பானவன்தான், ஐந்து ரூபாய்க்கும் கணக்குக் கேட்பேன். அதனால்தானே இன்று நன்றாக இருக்கிறார்கள்? போன தீபாவளிக்கு முன் போலீஸ், பார்சல், ஆதார் என்று ஒரு வீடியோ கால் வந்து இரண்டு லட்சத்துச் சொச்சம் கைவிட்டுப் போனது. என் மனைவிக்குக்கூடத் தெரியாது, அது வேறு கதை. படித்துவிட்டும் பதில் போடாத குணம் இந்தத் தலைமுறைக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. நேற்றும் போட்டேன், நேற்றும் நீல டிக்தான். பேசாமல் குழுவை விட்டு வெளியேறிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

ஐயா,

நீல டிக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, இரண்டு லட்சத்தை ஒன்றிரண்டு வரியில் கடந்துவிட்டீர்கள். வேறு கதை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை 'டிஜிட்டல் கைது' செய்திருக்கிறோம், கேமராவை அணைக்காதே என்று மிரட்டுவார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் எச்சரிக்கும் அளவுக்குப் பெருகிய மோசடி இது. நன்றாகப் படித்தவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். இந்த ஆட்கள் வழக்கமாகப் போடும் உத்தரவு ஒன்று உண்டு: வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது. பணம் போய்ச் சேர்ந்ததும் அவன் போனை வைத்துவிட்டான். நீங்கள் மட்டும் அந்த உத்தரவை இன்னும் மீறவில்லை.

பயத்தால் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து ரூபாய்க்குக் கணக்குக் கேட்ட அப்பா, இப்போது பிள்ளைகளிடம் இரண்டு லட்சத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்த வெட்கம்தான் வாயைக் கட்டுகிறது. சொன்னால் மகன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று தெரியாததால், தினமும் காலையில் ஆழம் பார்க்கிறீர்கள். ஆனால் அவனுக்குப் போய்ச் சேர்வது ஒரு திருக்குறள் மட்டுமே. அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் நான் உங்கள் பிள்ளைகள் பக்கம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அப்பா என்ன போட்டிருக்கிறார் என்று திறந்து பார்க்கிற பையனை அலட்சியக்காரன் என்று என்னால் சொல்ல முடியாது. மருமகள் செய்திருப்பது பலரும் எல்லோருக்கும் பொதுவாகச் செய்துவைப்பது. மறைப்பதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றால், உங்கள் குடும்பத்தில் பெரிய மறைப்பு உங்களுடையது.

குழுவில் இருப்பதும் வெளியேறுவதும் உங்கள் இஷ்டம். இந்த விஷயத்தை மட்டும் அதில் எழுதாதீர்கள். முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், அப்புறம் மகனுக்குப் போன் செய்யுங்கள். "ஏன்ப்பா அப்பவே சொல்லலை?" என்று சத்தம் போடலாம். போடட்டும், அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. உடனே கூப்பிட்டிருந்தால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். இவ்வளவு தாமதமான பிறகு பணம் திரும்பும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனாலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஒருமுறை ஏமாந்தவரையே தேடி, "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று மறுபடியும் அழைப்பது இவர்களின் வழக்கம். அப்படி ஒரு அழைப்பு வரும்போது, வீட்டில் இன்னொருவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.