வெளிநாட்டுச் சந்தைக்குள்ள போற வழியள்: கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்

வணக்கம் எல்லாருக்கும். நான் கனகாலம் கொழும்பில ஒரு ஏற்றுமதிக் கொம்பனியில ஷிப்பிங் பேப்பர் வேலை பாத்தனான், இப்ப கிளிநொச்சியில சின்னதா மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் பொதி செய்யிறன். பேராசிரியர் எல்லாம் இல்ல, கைபட்டுப் பழகினதைத்தான் சொல்லுவன்.

மாங்குளம் தம்பி: அண்ணை, கம்பஸில ஏற்றுமதி, லைசன்ஸ், பிரான்சைஸ், கூட்டு முயற்சி, சொந்தக் கிளை எண்டு ஒரு பட்டியல் தந்தவை. பாடமாக்கிறன், ஆனா மண்டையில நிக்குதில்லை.

தம்பி, உங்கட அப்பா வயல் செய்யிறவரோ? அப்ப விசயம் உங்களுக்குத் தெரியும், பேர் மட்டுந்தான் புதுசு. நெல்லை மூட்டையாக் கட்டி யாவாரிட்ட குடுத்தா அது ஏற்றுமதி. காணியைக் குத்தகைக்கு விட்டு வருசக்காசு வாங்கினா அது லைசன்ஸ். காணியோட சேத்து "இந்த விதைதான் போடவேணும், இந்த நாளிலதான் பசளை எறியவேணும்" எண்டு ஒவ்வொண்டையும் எழுதிக் குடுத்தா பிரான்சைஸ். பக்கத்து வளவுக்காரனோட பங்குக்கு விதைச்சா கூட்டு முயற்சி. காட்டை வெட்டி நீங்களே வயலாக்கினா சொந்தக் கிளை, வேற ஒராளின்ர விளைஞ்ச வயலை வரம்போட வாங்கினா அது கொம்பனியை வாங்கிறது. மேல இருந்து கீழ வர வர போடுற காசும் கூடும் பிடியும் கூடும், ஆனா வேண்டாமெண்டு விட்டிட்டு வாறதுதான் பெரும்பாடு.

புதுக்குடியிருப்பு அக்கா: மகன் கனடாவில, ஸ்காபரோவில. அங்க தமிழ்க் கடையளுக்கு பனங்கட்டியும் ஒடியல்மாவும் அனுப்பிறம், மாசம் ரெண்டு மூண்டு பெட்டி. இதையும் வெளிநாட்டுச் சந்தை எண்டு சொல்லலாமோ?

சொல்லலாம் அக்கா, ஆனா அரைவாசிதான். கோவிக்காதேங்கோ, சொல்லுறன். ஸ்வீடனில உப்சாலா எண்ட ஊர்ப் பல்கலைக்கழகத்தில யோஹான்சன், வால்னே எண்டு ரெண்டு பேர் 1977இல ஒரு விளக்கம் எழுதினவை. கொம்பனியள் எடுத்தவுடன தூரத்துக்குப் பாயிறேல்லை, பாசையும் பழக்கமும் கிட்டடியா இருக்கிற நாட்டில சின்னதாத் தொடங்கி, முதல் ஏஜென்ட், பிறகு சொந்த விற்பனை ஒபிஸ், அதுக்குப் பிறகுதான் பக்டரி எண்டு படிப்படியாப் போகும், ஏனெண்டால் தெரியாத இடத்தில காசு போட ஆருக்கும் பயம். இதில தூரம் எண்டுறது மைல் கணக்கு இல்லை, மனசுக் கணக்கு. அப்பிடிப் பாத்தா ஸ்காபரோ கடை உங்களுக்குக் கொழும்பு புறக்கோட்டையை விடக் கிட்ட, வாங்கிற சனத்துக்கு ஒடியல்கூழ் என்னெண்டு நீங்கள் சொல்லத் தேவையில்லை. தொடங்க அது நல்ல இடம். ஆனா கனபேர் அதிலயே நிண்டு போகினம். பனங்கட்டியைக் கண்ணாலயும் காணாத ஒரு வெள்ளைக்காரி அதைக் காசு குடுத்து வாங்கிற அண்டைக்குத்தான் நீங்கள் உண்மையா வெளிநாட்டுக்குப் போனீங்கள்.

இன்னொண்டு. கனடாவில 2019 ஜனவரியில நடைமுறைக்கு வந்த சட்டப்படி சாப்பாட்டுச் சாமான் இறக்கிறவருக்கு அந்த நாட்டு இறக்குமதி லைசன்ஸ் வேணும், லேபல் இங்கிலிசிலயும் பிரெஞ்சிலயும் இருக்கவேணும். அந்த லைசன்ஸ் இப்ப ஆற்ற கையில? மகன்ர எண்டா நீங்கள்தான் போறியள், கடைக்காரன்ர எண்டா அவர்தான் போறார், நீங்கள் அவருக்கு மூட்டை கட்டிக் குடுக்கிறீங்கள். ரெண்டும் பிழையில்லை, எதெண்டு தெரிஞ்சு செய்யவேணும்.

முல்லைத்தீவு அண்ணை: காசில்லாததாலதானே நாங்கள் ஏஜென்டைப் பிடிக்கிறம்? காசிருக்கிறவன் நேர போய்க் கட்டினா வெல்லுவான்தானே?

இல்லை அண்ணை. வோல்மார்ட் எண்ட அமெரிக்கக் கடைக் கொம்பனியை விடக் காசு ஆரிட்ட? 1997இல ஜெர்மனியில வேர்ட்காஃப் எண்ட கொம்பனின்ர 21 கடையையும், அடுத்த வருசம் இன்டர்ஸ்பார்ன்ர 74 கடையையும் வாங்கினது. கடை வந்திது, வாடிக்கை வரேல்லை. அங்க ஆல்டி, லிடில் எண்ட மலிவுக் கடையள் ஏற்கனவே அடிமாட்டு விலைக்குத்தான் வித்துக்கொண்டிருந்தது, அதால அமெரிக்காவில எடுபட்ட "எங்களிட்டத்தான் மலிவு" எண்ட கதை எடுபடேல்லை, வாங்கினதை விடக் குறைச்சு விக்காதை எண்டு அரசாங்கமும் பிடிச்சிது. 2006இல கடையளை மெட்ரோ எண்ட ஜெர்மன் கொம்பனிக்கு வித்திட்டு வீட்ட போட்டினம்.

டார்கெட் (Target) எண்ட அமெரிக்கக் கடை கனடாவுக்கு வந்து போனது உங்கட சொந்தக்காரருக்கு ஞாபகம் இருக்கும். 2013இல தொடங்கி ரெண்டு வருசத்துக்குள்ள 133 கடை. களஞ்சியத்தில சாமான் குவிஞ்சு கிடக்குது, தட்டு வெறுமை, ஏனெண்டால் புதுக் கொம்பியூட்டரில சாமான்ர அளவு விபரமெல்லாம் பிழைபிழையா ஏத்தியிருந்தவை. 2015 ஜனவரியில மூடுறம் எண்டு அறிவிச்சினம். பத்துக் கடையில பழகிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் எண்டுறது என்ர எண்ணம்.

இதுக்கு மாறா ஸ்டார்பக்ஸ் எண்ட அமெரிக்கக் கோப்பிக்கடையைப் பாருங்கோ, 1996இல ஜப்பானுக்கு சசாபி எண்ட உள்ளூர்க் கொம்பனியோட கூட்டாப் போனது, 2012இல இந்தியாவுக்கு டாட்டாவோட பாதிக்குப் பாதி. ஆனா அதே ஸ்டார்பக்ஸ் அவுஸ்திரேலியாவில கடகடவெண்டு திறந்து 2008இல 84 கடையில 61ஐ மூடினது. அந்தச் சனத்துக்கு நல்ல கோப்பி முதலே தெரியும்.

கிளிநொச்சி தங்கச்சி: நான் கார்மென்ட்ஸில வேலை. நாங்கள் தைக்கிறதில வெளிநாட்டுப் பேர்தான் இருக்கு, அப்ப அது வெளிநாட்டுக் கொம்பனியோ?

நல்ல கேள்வி பிள்ளை, இதைப் படிச்ச ஆக்களும் மாறி விளங்கியிருக்கினம். கிளிநொச்சியில எம்ஏஎஸ்ன்ர பக்டரி எண்டால் அது இலங்கைக் கொம்பனி, வெளிநாட்டு பிராண்ட் இஞ்ச ஒரு செங்கல்லும் வைக்கேல்லை, ஒப்பந்தத்தில தைப்பிச்சு எடுக்குது. வவுனியாவில இருக்கிற ஒமேகா லைன் அப்பிடியில்லை, இத்தாலிக்காரர் கல்செடோனியான்ர சொந்த ஆள். வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரித்தான், பஸ்ஸும் ஒரே மாதிரி வந்து நிக்கும். ஒப்பந்தக்காரனுக்கு ஓடர் வராட்டி பிராண்டுக்கு நட்டம் குறைவு. சொந்தமாக் கட்டினவன் லேசில விட்டிட்டுப் போகமாட்டான். வரிச்சலுகையும் முக்கியம், 2010 ஓகஸ்டில ஐரோப்பா ஜிஎஸ்பி பிளஸை நிப்பாட்டி 2017 மேயிலதான் திருப்பித் தந்தது.

பரந்தன் தம்பி: நல்ல ஏஜென்ட் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

எனக்கே அடி விழுந்த இடம் இது. ஒரு நாட்டில ஒருத்தர் வலு உசாராய் என்ர தூளை வித்துத் தந்தார், ரெண்டாம் வருசம் பாத்தா என்ர பேரைத் தன்ர பேரில அங்க பதிஞ்சு வைச்சிருக்கிறார். வர்த்தகக் குறி நாட்டுக்கு நாடு வேற, இஞ்ச பதிஞ்சது அங்க செல்லாது, கன நாடுகளில முந்திப் பதியிறவனுக்குத்தான் உரித்து. பிறகு நான் பேரை மாத்தி, புதுப் பொதி அடிச்சு, கொஞ்சநஞ்சச் செலவே? ஏஜென்ட் நல்லவரோ கெட்டவரோ, முதல் பெட்டி போக முதல் பேரைப் பதியுங்கோ. முழு நாட்டையும் ஒராளுக்கு எழுதிக் குடுக்காதேங்கோ, குடுத்தாலும் ஒரு வருசம், இத்தினை கிலோ விக்காட்டி ஒப்பந்தம் முடிஞ்சுது எண்டு போடுங்கோ.

முல்லைத்தீவு அண்ணை (திரும்பவும்): நாங்கள் மீன். ஐரோப்பாவுக்கு நேர குடுக்கலாமோ?

குடுக்கலாம், ஆனா அங்க மட்டும் குடுக்காதேங்கோ. சட்டவிரோத மீன்பிடியை இலங்கை கட்டுப்படுத்தேல்லை எண்டு 2015 ஜனவரியில தடை போட்டவை, 2016 யூன் மட்டும் எடுக்கேல்லை. சட்டப்படி பிடிச்சவனும் சேர்ந்துதான் அடிபட்டவன்.

ஒட்டுசுட்டான் அக்கா: மிளகாய்த்தூள் அனுப்ப முதல் எதுக்குக் காசு ஒதுக்கிறது?

லாப் டெஸ்டுக்கு அக்கா. அஃப்ளடொக்சின் எண்டுறது பூஞ்சணம் விடுற நஞ்சு, ஐரோப்பாவில அது மொத்தம் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக்கூடாது, அதில பி1 எண்ட வகை மட்டும் 5க்கு மேல போகக்கூடாது. நிலத்தில காயப்போட்டு மழை பட்ட மிளகாய் பூஞ்சணம் பிடிச்சுதெண்டால் அதில தப்பாது. படங்கை விரியுங்கோ, பேந்து ஏஜென்டைத் தேடலாம்.