பசையை விடுங்கள், பள்ளத்தைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு முற்றத்தில் ஏறத்தாழ 25 வயதுள்ள வேப்பமரம், சுவரிலிருந்து 4 மீட்டர் தள்ளி நிற்கிறது. அடிமரத்தின் குறுக்களவு 40 செ.மீ. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தண்ணீர்க் குழாய்க்காக, வீட்டுக்கு எதிர்ப்புறத்தில், மரத்திலிருந்து 1 மீட்டரில் பள்ளம் தோண்டினோம்; பிறகு தூரைச் சுற்றிச் சிமெண்ட் தளமும் போட்டோம். இப்போது நுனிக்கொம்புகள் காய்கின்றன. மரம் கூரைப் பக்கம் சாய்வது போலவும் தெரிகிறது. எல்லாக் கிளைகளையும் 3 மீட்டர் உயரத்தில் கழித்துவிட்டால் பயமில்லை என்கிறார் மரம் வெட்டுபவர். வெட்டுவாயில் என்ன பசை பூச வேண்டும்?

பதில்: எந்தப் பசையும் வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, காயம்பட்ட பகுதியைச் சுற்றி அரண் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று 1970-களிலேயே காட்டினார். மேற்பூச்சு அந்த அரணுக்கு உதவுவதில்லை, உளுத்துப்போவதையும் தடுப்பதில்லை. டப்பாவை விற்பவர் இதைச் சொல்லமாட்டார். வெட்டும் இடம்தான் மருந்து. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்த வளையம் தெரியும். அதைச் சிதைக்காமலும், முளைபோல் மிச்சம் விடாமலும், அதை ஒட்டி வெளியே வெட்டினால் நாளடைவில் பட்டை நாற்புறமிருந்தும் வளர்ந்து மூடும்.

மொட்டையடிப்பதில் இந்த வளையத்துக்கே இடமில்லை. நடுக்கொம்பில் விழுந்த வெட்டு வழியே அழுகல் உள்ளே இறங்க, வெட்டுவாயோரத்தில் கொத்தாகக் கிளம்பும் போத்துகள் பட்டையோடு மட்டும் ஒட்டிக்கொண்டு வேகமாக நீண்டு, சில ஆண்டுகளில் கனம் தாங்காமல் காற்றில் பிய்ந்து விழும். இலை முழுவதையும் இழந்த மரம் சேமிப்பைக் கரைத்துத் துளிர்ப்பதால் வேருக்கு ஒன்றும் மிஞ்சாது. வெட்டிய விறகைக் கூலியாக எடுத்துச் செல்பவரிடம் எவ்வளவு வெட்டலாம் என்று யோசனை கேட்பதே தவறு.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அந்தப் பள்ளத்தைப் பற்றி. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் ஓடுகிறது. அடிமரக் குறுக்களவைப்போல் 12 மடங்கு ஆரத்துக்குள் மண்ணைத் தொடாதிருப்பது பொதுவான கணக்கு. உங்கள் மரத்துக்கு அது 4.8 மீட்டர். நீங்கள் 1 மீட்டரில் தோண்டினீர்கள். அதுவும் மரம் வீட்டுப் பக்கம் சரியாமல் இழுத்துப் பிடிக்க வேண்டிய வேர்கள் ஓடும் பக்கத்தில். எஞ்சிய வேருக்குக் காற்றும் நீரும் எட்டாதபடி தளம் வேறு. வேரில் பட்ட அடி உச்சியில் தெரியச் சில ஆண்டுகள்கூட ஆகும்.

முதலில் சாய்வைப் பாருங்கள். அடியில் சாய்ந்து மேலே வளைந்து நிமிர்ந்திருந்தால் அது பழைய சாய்வு. நட்ட கம்பம் சரிந்தாற்போல் நுனிவரை நேராகவே சாய்ந்திருந்தால் புதியது. பள்ளத்துப் பக்கம் தளம் எழும்பியோ விரிந்தோ இருக்கிறதா, காற்றில் தூரே அசைகிறதா என்றும் பாருங்கள். சாய்வு புதியது என்றாலோ, தளமும் தூரும் இப்படிக் காட்டினாலோ மரத்தை எடுத்துவிடுங்கள். அதுவரை அந்தப் பக்கத்து அறையில் யாரும் படுக்க வேண்டாம். பிடிமானம் இழந்த மரத்தில் ஆளை ஏற்றாமல், பளுதூக்கி வண்டி (கிரேன்) வைத்து, மேலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்குபவரை அழையுங்கள். அருகில் மின்கம்பி இருந்தால் மின்சாரத்தை நிறுத்திய பிறகே வாள் எழ வேண்டும். மருந்து ஊற்றிக் காயவைத்து வெட்டலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். காய்ந்த கொம்பு சொல்லாமல் முறியும்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால், முடிந்த அளவு தூரத்துக்குத் தளத்தைப் பெயர்த்து, வேர் கீறாமல் கையால் மண்ணைத் தளர்த்தி, தூரைத் தொடாமல் இலைச்சருகைப் பரப்பி நீர் விடுங்கள். காய்ந்த கொம்புகளையும் கூரைமேல் நீளும் கிளைகளையும் மட்டும் கழியுங்கள். கனமான கிளையானால் முதலில் வளையத்துக்குச் சற்றுத் தள்ளி, கிளையின் கீழ்ப்புறம் ஒரு வெட்டு, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு; கடைசியாகத்தான் வளையத்தோரம். இல்லாவிட்டால் விழும் கிளை பட்டையை உரித்துக்கொண்டே இறங்கும்.

அடிமரத்தில் ஆணி அடிக்காமல், 2 மீட்டர் உயரத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, சாயும் பக்கத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டின் முனைக்கும் தூருக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பிறகும் அதே இடத்தில் அளங்கள். இடைவெளி கூடியிருந்தால் அடுத்த மழைவரை காத்திராதீர்கள்.