கன்றுக்கு வாசித்துக் காட்டட்டும்

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள்வழிப் பேரன் புத்தகத்தைக் கண்டாலே தடுமாறுகிறான், கட்டுத்தரையிலோ மாடுகளிடம் கதை கதையாகப் பேசுகிறான். என்ன செய்யலாம்?
– ஓர் அம்மிச்சி, காங்கேயம்

பதில்: அம்மா, அந்தக் கட்டுத்தரையிலேயே தொடங்குங்கள். கன்று சிரிக்காது, பிழை பிடிக்காது என்பதால் பிள்ளையின் கூச்சம் விலகும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1999 முதல் பிள்ளைகள் நாய்களுக்கு வாசித்துக் காட்டுவதும் இதற்காகத்தான். செந்நிறத்தில் பிறக்கும் காங்கேயம் கன்று ஆறு மாத அளவில் சாம்பல் நிறமாவதை அவன் கதையாகச் சொல்லட்டும். அச்சொற்களையே பெரிய எழுத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்தால், பொருள் முன்பே தெரிந்த அவ்வரிகளை விரல் வைத்துக் கன்றுக்கு வாசிப்பான். அப்போது குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். சில மாதங்களுக்குப் பின்னும் எழுத்துகளை இனங்காணத் திணறினால், கண்பார்வையையும் கற்றல் குறைபாட்டையும் பரிசோதிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம், அந்தத் திணறல் சோம்பலன்று.