அடுத்தவர் பிரீமியத்தை நீங்கள் ஏன் கட்ட வேண்டும், ஐயா?

கேள்வி: தமிழக அரசுப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து 2022-ல் ஓய்வு பெற்றேன். பழைய ஓய்வூதியத்தில் மாதம் 41,000 ரூபாய் வருகிறது. காப்பீட்டு நிறுவனத்தில் ஏஜென்ட்களை மேற்பார்க்கும் டெவலப்மென்ட் ஆபீஸராக இருக்கும் என் மைத்துனர் சொல்லி ஏஜென்ட் ஆனேன். தெரிந்த ஆசிரியர்களுக்கு ஓய்வுக்காலத் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். போன வருடம் கமிஷன் 2.1 லட்சம். ஆனால் மார்ச் இலக்குக்காகப் பல பேருடைய முதல் பிரீமியத்தை நானே கட்டினேன். அதில் 1.6 லட்சம் திரும்ப வரவில்லை. அதற்காக அடகு வைத்த மனைவியின் நகை மீது 3.5 லட்சம் கடன் இருக்கிறது. ஓய்வூதியத்தைக் காட்டி 5 லட்சம் கடன் வாங்கி நகையை மீட்டு, மீதியைத் தொழிலில் போடலாமா? கையில் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 15 லட்சமும் வங்கி டெபாசிட்டில் 6 லட்சமும் உள்ளன.

பதில்: வேண்டாம் ஐயா. கடன் வாங்கவும் வேண்டாம், இனி ஒருவருக்கும் பிரீமியம் கட்டவும் வேண்டாம்.

கணக்கு வாத்தியாரான நீங்கள் இதை ஒருமுறை தாளில் போட்டிருந்தாலே கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். கமிஷன் 2,10,000. வராமல் நிற்பது 1,60,000. நகைக்கடனுக்கு 9.5% என்று வைத்தால் வட்டி சுமார் 33,000. பெட்ரோல், போன், டீச்செலவு எல்லாம் சேர்த்து 40,000 என்று குறைவாகவே போடுகிறேன். மொத்தச் செலவு 2,33,000. வருடம் முழுக்க அலைந்ததற்கு உங்கள் கையிலிருந்து 23,000 போயிருக்கிறது.

முதல் பிரீமியத்தைக்கூடக் கட்ட முடியாத ஆசிரியர் அடுத்த வருடம் எதை வைத்துக் கட்டுவார்? ஆரம்பத்திலேயே பாலிசி நின்றுபோனால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். உங்களுக்கும் அடுத்தடுத்த வருடக் கமிஷன் கிடையாது. போதாக்குறைக்கு, கமிஷனிலோ பிரீமியத்திலோ வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி தருவதை 1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவு தடுக்கிறது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். நீங்கள் கைமாற்றாகத்தான் கொடுத்தீர்கள். ஆனால் திரும்பாத கைமாற்றைத் தள்ளுபடி இல்லை என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

நகைக்கு வருவோம். டெபாசிட்டுக்கு 7% வாங்கிக்கொண்டு நகைக்கு 9.5% கட்டுவது ஏன்? டெபாசிட்டில் 3.5 லட்சத்தை உடைத்து இந்த வாரமே நகையை மீட்டுவிடுங்கள். மீதி 2.5 லட்சம் அவசரத்துக்கு இருக்கட்டும். ஓய்வூதியக் கடனுக்குப் பொதுவாக நகைக்கடனைவிட வட்டி கூடுதல். குறைந்த வட்டிக் கடனை அடைக்க அதிக வட்டிக் கடனா? சீனியர் சிட்டிசன் திட்டத்தைத் தொடாதீர்கள், முதிர்வுக்கு முன் எடுத்தால் பிடித்தம் உண்டு.

மைத்துனரிடம் பேசுவதுதான் சிரமம், தெரிகிறது. "அத்தான், இன்னும் ரெண்டே பாலிசி" என்று மார்ச் 28-ம் தேதி வந்து நிற்பார். இலக்கு அவருடையது, அடகில் இருப்பது அவர் அக்காவின் நகை. இதை அக்காவையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட நன்றாக எடுபடும்.

தொழிலை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர்களின் சம்பளச் சீட்டும் பிடித்தங்களும் உங்களுக்குப் பழக்கமானவை. இந்த உதவி அவர்களுக்கு நிஜமாகவே தேவை. 1.4.2003-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்கள் உங்களைப் போல ஜிபிஎஃப்பில் (பொது வருங்கால வைப்பு நிதி) அல்ல, சம்பளத்தில் பிடித்தம் செய்யும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில்தான் சேர்க்கப்பட்டார்கள். அவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டியது, டேர்ம் இன்சூரன்ஸ் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) இருக்கிறதா, பிபிஎஃப் (பொதுமக்களுக்கான வருங்கால வைப்பு நிதி) போடுகிறார்களா என்பது. "உறுதியான வருமானம்" என்று இப்போது பளபளப்பான தாளில் வரும் பாலிசிகளைக் கடைசியில் வையுங்கள். பலவற்றில் வருமானம் 5 அல்லது 6 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. "வரி மிச்சம்" என்று சொல்லி விற்பதும் இனி எல்லோரிடமும் சரிப்படாது, புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு காப்பீட்டு பிரீமியத்துக்கான வரிக் கழிவு இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: முதலீட்டு ஆலோசனைக்கென்று தனியாகக் கட்டணம் வாங்க நினைத்தால் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும்.

வராத 1.6 லட்சத்துக்கு ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொருவரிடமும் நேரில் போய் மாதத் தவணையாகக் கேளுங்கள். பாதி வந்தாலே நல்லது, அதை டெபாசிட்டில் திரும்பப் போடுங்கள்.