படைக்காத அல்வா

அன்புள்ள ஐயா,

நாகர்கோவில் பக்கம் என் ஊர். பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்பது சிறுவயது ஆசை. சி.டி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறி நேர்முகத்துக்குக் காத்திருக்கிறேன். நாங்கள் தவறாமல் சபைக்குப் போகிற குடும்பம். படைப்பிரிவின் கோயிலில் கருவறைக்குள் போக மறுத்த ஒரு கிறிஸ்தவ லெப்டினன்டைப் பதவிநீக்கம் செய்தது சரிதான் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சு. "கும்பிடச் சொல்ற இடத்துக்கு நீ போக வேண்டாம்" என்கிறார் அம்மா. "உள்ளே போய் நில்லு, மனசுக்குள்ள ஜெபம் பண்ணிக்கோ, யாருக்குத் தெரியப்போகுது" என்கிறான் நண்பன். அப்துல் ஹமீது, மானெக்‌ஷா, ஜேக்கப் என்று எல்லா மதத்தவரும் பேர் வாங்கிய ராணுவம்தானே இது? அங்கே பிற மதத்தை மதிப்பது என்றால் உண்மையில் என்ன? நான் போகலாமா?

டேனியல்

அன்புள்ள டேனியல்,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் மாமாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். அம்மாவின் தம்பி. மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. கறுப்புப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். உள்ளே ஒரு கம்பளி மப்ளர், நாலைந்து இன்லண்டு கடிதங்கள், ஓரம் பெயர்ந்த ஓர் எனாமல் குவளை. அந்தக் குவளையைக் கையில் எடுத்ததும் மாமா சொன்ன ஒரு கதை நினைவுக்கு வந்து, அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதில். உங்கள் கேள்விக்கும் வருகிறேன், வர முடிந்தால்.

முதலில் அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள். 1965-இல் அசல் உத்தரில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு டாங்கிகளை எதிர்த்து நின்று செத்த அப்துல் ஹமீது. 1971 வங்கதேசப் போரில் தளபதி மானெக்‌ஷா பார்சி, டாக்காவில் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவர் சீக்கியர், அதற்குப் பேச்சு நடத்திய ஜேக்கப் யூதர். எல்லாம் உண்மைதான். ஆகஸ்ட் 15 அன்று வாட்ஸாப்பில் தவறாமல் வந்துவிடும். பரம்வீர் சக்கரம் வாங்கியவனை மதிக்க யாருக்கு என்ன கஷ்டம்? பதக்கம் எதுவும் வாங்காத, காலுறை நாறுகிற, ராத்திரி முழுக்கக் குறட்டை விடுகிற வேற்று மதத்துக்காரனோடு ஆறு மாதம் ஒரே தகரக் கொட்டகையில் எப்படி இருக்கிறோம் என்பதைக் கேளுங்கள்.

உங்கள் நண்பனோடு இரண்டு நாளைக்குப் பேசாதீர்கள். யாருக்குத் தெரியப்போகுதாம்! முப்பது பேர் ஒன்றாகத் தின்று, ஒன்றாகக் குளித்து, ஒருவன் மூச்சை இன்னொருவன் கேட்டுக்கொண்டு தூங்குகிற இடத்தில் நடிப்பு ஒரு வாரம் தாங்காது. அதிகாரி நடிக்கிறான் என்பது ஜவானுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். சாமி கும்பிடாத அதிகாரியோடு அவன் மலை ஏறுவான். பொய்க் கும்பிடு போடுகிறவனை நம்பி ஒரு மேட்டைக்கூடத் தாண்ட மாட்டான்.

சரி, கதைக்கு வருகிறேன். ராணுவத்தில் பண்டிட், சீக்கியர்களுக்குக் கிரந்தி, மௌல்வி, பாதிரியார் என்று மத ஆசிரியர்கள் உண்டு, நாயப் சுபேதார் பதவியில். லடாக்கியர்களுக்குப் புத்த பிக்குகூட உண்டு. சர்வ தர்ம ஸ்தலம் என்று ஒரே கூரையின் கீழ் எல்லாச் சாமிக்கும் இடம் வைத்திருப்பார்கள். மாமா இருந்த காஷ்மீர் போஸ்டில் அதுவும் ஒரு தகரக் கொட்டகைதான். ஒரு பக்கம் காலண்டரிலிருந்து கத்தரித்து ஒட்டிய முருகன், நடுவில் கம்பளித் தடுப்பு, அந்தப் பக்கம் தொழுகைப் பாய், மூலையில் பலகையில் செய்த சிலுவை. தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பதால் முருகனுக்குக் கடுகெண்ணெய் விளக்கு. மாமா லங்கர் பொறுப்பில் இருந்தார். ராணுவத்தில் சமையல்கட்டுக்கு லங்கர் என்றுதான் பெயர். நோன்பு மாதத்தில் மேல்விஷாரத்துப் பையன்கள் மூன்று பேருக்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஸ்டவ் பற்ற வைப்பாராம். அதைப் பெருமையாகச் சொன்னதே இல்லை. குளிரில் மண்ணெண்ணெய் ஸ்டவ் எரியாத கஷ்டத்தைத்தான் சொல்லுவார்.

அங்கே மார்த்தாண்டத்துக்காரர் ஒரு நாயக் இருந்தார், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. எல்லோரும் அவரை 'மார்த்தாண்டம்' என்றே கூப்பிட்டார்கள், மாமாவை 'வேலூர்' என்று கூப்பிட்டதுபோல. மார்த்தாண்டம் பெந்தெகொஸ்தே சபை. போஸ்டில் டோலக்கு அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், சபையில் பழகிய கை. ஞாயிற்றுக்கிழமை மந்திர் பரேடில், அதாவது எல்லோரும் சேர்ந்து போகிற பூஜையில், பஜனைக்குத் தாளம் இல்லாமல் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, பண்டிட்ஜி போய் அவரைக் கேட்டிருக்கிறார். பண்டிட்ஜி பாலக்காட்டுப் பக்கம், தமிழ் பேசுவார். "பாட்டு வாயில வராது சாமி, கை மட்டும் தரேன்" என்றிருக்கிறார் மார்த்தாண்டம். பூட்ஸைக் கழற்றிவிட்டு வாசலோரம் உட்கார்ந்து அடித்தார். கொட்டகையே அதிர்ந்தது என்பார் மாமா.

ஆரத்தி முடிந்து அல்வா வந்தது. ரவை அல்வா, நம்ம ஊர்க் கேசரிக்கு அண்ணன். தட்டு தன்னிடம் வந்ததும் மார்த்தாண்டம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "படைச்சது நான் சாப்பிடறதில்ல."

மதுரைக்காரர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ அடிச்ச மேளத்துக்கு வந்த சாமி, அது குடுக்கறது மட்டும் உனக்கு ஆவாதாக்கும்?" கைகலப்பு ஆகியிருக்க வேண்டியது. பண்டிட்ஜி ஒன்றும் சொல்லவில்லை. தட்டை அடுத்த ஆளிடம் நகர்த்திவிட்டார்.

அடுத்த ஞாயிறு பூஜைக்கு முன்னால் லங்கருக்கு வந்தார். மாமாவின் எனாமல் குவளையை எடுத்தார். வாணலியிலிருந்து, இன்னும் சாமி முன்னால் போகாத அல்வாவைக் குவளை நிறைய அள்ளினார். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, ஆறாமல் இருக்க ஸ்டவ் ஓரமாக வைத்துவிட்டுப் போனார். பஜனை முடிந்து எல்லோரும் பிரசாதம் வாங்கும்போது, குவளையைக் கொண்டுவந்து மார்த்தாண்டத்தின் கையில் கொடுத்தார். "இது சாமி இன்னும் பார்க்கலை. சாப்பிடு."

அப்புறம் அந்தக் குளிர்காலம் முழுக்க இதுதான் வழக்கம். பண்டிட்ஜி மறந்தாலும் மதுரைக்காரர் வாசலில் நின்று "மார்த்தாண்டத்துக்கு எடுத்தாச்சா?" என்று சத்தம் போடுவாராம். பெட்டியில் இருப்பது அதே குவளைதானா என்று மாமாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

டேனியல், இதற்கு ஏதாவது விதிப்புத்தகத்தில் இடம் உண்டா? பண்டிட்ஜிக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அவர் கிறிஸ்தவத்தைப் படித்தவரும் இல்லை. இந்த ஆளுக்கு எது ஆகாது என்று ஒரு தடவை பார்த்தார், அடுத்த தடவை அவனுக்காக முன்கூட்டியே ஒரு கை எடுத்து வைத்தார். உங்கள் ஊரிலும் பொங்கலன்று பக்கத்து வீட்டு அக்கா படைப்பதற்கு முன்பே உங்கள் அம்மாவுக்கு ஒரு தூக்கில் எடுத்துவைத்திருப்பார். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

உத்தரவு போட்டு மதத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர்க்காரனான நான் எங்கும் போக வேண்டியதில்லை. ஹஸ்ரத் மக்கான் சந்திப்பில் ஒரு தூண் நிற்கிறது, 1806-இல் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த சிப்பாய்களுக்கு. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். சுதந்திரப் போரின் முதல் பொறி என்று மேடையில் முழங்குகிறோம். கோட்டையில் திப்புவின் மகன்கள் இருந்தார்கள், அரசியலும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நெருப்பு பற்றியது நெற்றியிலும் தாடையிலும்தான். சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிரடாக்குக்கு எல்லாச் சிப்பாயும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று ஆசை. பணியில் இருக்கும்போது நெற்றியில் நாமமோ விபூதியோ கூடாது, தாடி கூடாது, மீசை ஒரே அளவு. அதோடு தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. தோல் என்றால் மாட்டுத்தோலா பன்றித்தோலா என்று சந்தேகம், ஆக இரண்டு மதத்துக்கும் ஒரே சமயத்தில் அடி. அந்தத் தலைப்பாகை வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி வேறு இருந்தது.

மே மாதம் வேலூரில் சிப்பாய்கள் அதை அணிய மறுத்தார்கள். கசையடி கொடுத்து வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். என் கணக்கில் ஜூலை 10 விடியலில் கோட்டைக்குள் வெடித்த துப்பாக்கிகளை நிரப்பியது அந்த இரண்டு முதுகுகள்தான். தாடி இந்துவின் பிரச்சினை இல்லை, விபூதி முஸ்லிமின் பிரச்சினை இல்லை. ஆனால் அவன் தாடியில் கைவைத்தால் நாளை என் நெற்றிக்கு வருவான் என்று இருவருக்கும் புரிந்திருந்தது. நூற்றுக்கணக்கில் செத்த பிறகு தலைப்பாகை உத்தரவு வாபஸ் ஆனது. கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. இதைப் பள்ளியில் ஐந்து மார்க் கேள்வியாக்கித் தேதியை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தோம் பாருங்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த லெப்டினன்ட் விஷயம். சீக்கிய வீரர்களின் அதிகாரியாக இருந்தவர், 2021-இல் நீக்கப்பட்டார். காலணியைக் கழற்றித் தலைப்பாகை கட்டி முற்றம் வரை போனேன், உள்ளே நடக்கிற பூஜைக்கு மட்டும் விலக்குக் கேட்டேன் என்பது அவர் வாதம். முன்னால் நிற்க வேண்டியவர் தனியே ஒதுங்கினால் படையின் ஒற்றுமை போய்விடும் என்பது ராணுவத்தின் வாதம். டெல்லி உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ராணுவத்தின் பக்கம் நின்றன. செய்திகளை வரிவரியாகப் படித்தேன். ஒழுங்கு, கட்டளை, மதச் சுதந்திரம் பற்றிய அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு எல்லாம் இருந்தது. நான் தேடியது ஒரு குவளையை. வழக்கு என்று ஆன பிறகு குவளைக்கு வேலை இல்லை. அவரைத் திட்டியும் ராணுவத்தைத் திட்டியும் எழுதிக் குவிக்கிறவர்களில் ஒருவர்கூடக் கழற்ற அரை மணி ஆகிற பனி பூட்ஸைப் பார்த்தவராகத் தெரியவில்லை.

அம்மாவின் பயம் நியாயமானது. அதை நான் தீர்த்துவைக்க முடியாது. ஆனால் நேர்முகத்துக்குக் கட்டாயம் போங்கள். தேர்வானால், எது உங்களால் ஆகும், எது ஆகாது என்பதை முதல் வாரமே மேலதிகாரியிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், வாசல்வரை போன பிறகு அல்ல. சொல்லும்போது ஆகாததோடு நிறுத்தாதீர்கள். உங்களால் ஆவது ஒன்றையும் கையில் வைத்திருங்கள். மார்த்தாண்டத்தின் கையில் டோலக்கு இருந்தது.

உங்கள் சபையில் நீங்கள் ஏதாவது வாசிப்பீர்களா? கடிதத்தில் அதை எழுதவில்லையே.