பத்தாவது கிழமைக்குப் பிறகு

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

முன்பு ஒரு கட்டுரையில் நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன ‘மிஸ்டர் ஸ்டெர்லிங்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைத் தேடி, கிடைத்த பகுதிகளைப் பார்த்தேன். நான் ஒரு ரியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிறேன். 2025 மே மாதத் தேர்தலில் கட்சிப் பட்டியல் வழியாகப் பிரதேச சபை உறுப்பினரானேன். பெண்களின் பெயர் போதாது என்று வந்து கேட்டார்கள், கொடுத்தேன், அவ்வளவுதான். மூன்றாம் கூட்டத்தில் தெருவிளக்குக் கணக்கைக் கேட்டேன். “பிள்ளை, முதல் வருசம் எல்லாரும் இப்பிடித்தான் கேப்பினம்” என்று ஒரு மூத்த உறுப்பினர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அந்தத் தொடர் பத்துப் பகுதிகளோடு நின்றது நல்லது என்றே எனக்குப் படுகிறது. நின்றபடியால்தான் அதில் வரும் அந்த மனிதன் கெடாமல் இருக்கிறான். நானும் நல்ல பெயரோடு இப்போதே விலகிவிடட்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுள்ளார்)
யாழ்ப்பாணம்

அன்புள்ள தங்கைக்கு,

விலக வேண்டாம். காரணத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் தேவை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக முதலில் அந்தத் தொடரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2003 ஜனவரி 10இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி, வெள்ளிக்கிழமைகளில் வந்து, மார்ச் 14இல் முடிந்தது. பத்துக் கிழமை, பத்துப் பகுதி. அமெரிக்க மேல்சபையான செனட்டில் கலிபோர்னியாவின் உறுப்பினர் ஒருவர் இறந்துபோக, அந்த இடத்துக்கு ஆள் தேடும் ஆளுநர், முன்னாள் ஆளுநர் ஒருவரின் மகனைப் பிடிக்கிறார். சிறைக்கைதிகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த அந்த மகன்தான் பில் ஸ்டெர்லிங், நடித்தவர் ஜோஷ் புரோலின். தகப்பனைப் போல மகனும் ஜனநாயகக் கட்சிக்காரன்தான் என்று ஆளுநர் நினைத்திருக்க, ஆள் எந்தக் கட்சியிலும் பதியாத சுயேச்சை என்பது பிறகுதான் தெரியவருகிறது.

இந்த இடத்தில் நீங்கள் உங்களையே பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவனை எடுத்தது அவனுடைய பெயர் தேவைப்பட்டதால். உள்ளூராட்சி சபைகளில் நான்கில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2018 தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஆள் நிரப்ப உங்களை எடுத்தார்கள். இரண்டு இடத்திலும் கூப்பிட்டவர்கள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று, வந்தவர் பேசாமல் இருப்பார் என்பது. அதனால் அந்தச் சிரிப்பை உங்கள் கேள்விக்கு வந்த பதிலாக எடுக்காதீர்கள். அவர்கள் போட்ட கணக்குப் பிழைத்துவிட்டது, அந்தத் தடுமாற்றத்தில் வந்த சிரிப்பு அது.

எங்கள் வீட்டுக்கு அந்தத் தொடர் வந்த வழியையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கேதான் என்னுடைய பதில் இருக்கிறது. போர்நிறுத்தத்தோடு யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்த சொந்தமெல்லாம் ஊருக்கு வந்துபோன காலம். ரொறன்ரோவில் இருந்து வந்த சித்தப்பா, தன் தமையனுக்கு, அதாவது என் பெரியப்பாவுக்கு, அங்கே பதிவுசெய்த இரண்டு வீடியோக் கசற் கொண்டுவந்தார். “அண்ணை, இது உங்கட ஆள்” என்று சொல்லிக் கொடுத்தார். அங்கத்தைய ஒளிபரப்பு முறை வேறு என்பதால் கனடாக் கசற் எங்கள் பழைய டெக்கில் ஓடாது, படம் நிறமில்லாமல் மேலும் கீழும் உருளும். இரண்டு முறையும் எடுக்கக்கூடிய டெக் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இடையில் கரண்ட் போகப்போக விட்ட இடத்தில் இருந்து தொடங்கி, மூன்று இரவில் பார்த்து முடித்தோம். ஆங்கிலம் வேகமாக இருந்தது. பெரியப்பா கையைத் தூக்கினால் நான் நிறுத்தவேண்டும், அவர் விளங்கப்படுத்துவார், பிறகு தொடரும்.

அவர் நிறுத்தச் சொன்ன இடங்களை இப்போது நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. உணர்ச்சிகரமாகப் பேசுகிற இடத்தில் அவர் கை எழும்பவே இல்லை. எந்தக் குழுவில் யாருக்கு இடம், யாருடைய வாக்கு எந்தப் பக்கம், இந்த விதியை இப்படிப் பாவிக்கலாமா என்று அலுவலகத்துக்குள் கதைக்கிற இடத்தில்தான் எழும்பும். அந்தத் தொடரை உருவாக்கிய லோரன்ஸ் ஓ’டொனல், நியூயோர்க் செனட்டர் டானியல் பட்ரிக் மொய்னிஹனிடம் வேலைசெய்தவர், செனட்டின் நிதிக்குழுவில் அலுவலர்களுக்குத் தலைவராக இருந்தவர். ஒரு மசோதா எந்த மேசையில் கிடந்து சாகும் என்று கண்ணால் கண்ட ஆள். அதனாலோ என்னவோ, கதாநாயகனுக்குப் பக்கத்தில் ஓட்ரா மக்டொனால்ட் நடித்த அந்த அலுவலகத் தலைவியை நிறுத்தியிருக்கிறார். உள்ளே இருக்கும் வழிகளெல்லாம் அவளுக்குத் தெரியும். அவனுக்கு நல்ல எண்ணம் இருக்கிறது, அவளுக்கு வேலை தெரியும். அவன் அவளிடம் படிக்கிறான். எனக்கு அந்தத் தொடரில் பிடித்ததே இதுதான்.

சுயேச்சையின் ஒற்றை வாக்குக்கு இருக்கும் பெறுமதியும் கற்பனை இல்லை. 2001இல் செனட் ஐம்பதுக்கு ஐம்பது என்று நின்றபோது, வெர்மொன்ற் செனட்டர் ஜிம் ஜெபர்ட்ஸ் குடியரசுக் கட்சியை விட்டுச் சுயேச்சையாகி ஜனநாயகக் கட்சிப் பக்கத்தோடு இருக்க, முழுச் சபையும் கைமாறியது. அடுத்த வருடம் மினசோட்டா செனட்டர் போல் வெல்ஸ்ரன் விமான விபத்தில் இறந்தபோது, அந்த மாநில ஆளுநர் கொஞ்சக் காலத்துக்கு நியமித்ததும் இரண்டு பெரிய கட்சிகளையும் சேராத ஒருவரைத்தான். இங்கே யாழ் மாவட்டத்தின் 17 சபைகளை எடுங்கள், பலவற்றில் ஒரு கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. உங்கள் சபையும் அப்படியென்றால் உங்கள் ஒரு கைக்கு எவ்வளவு பாரம் என்று அந்த மூத்த உறுப்பினருக்கு நன்றாகத் தெரியும்.

சரி, இனி உங்கள் கேள்வி. நின்றதால்தான் அவன் நல்லவனாக மிஞ்சினான் என்கிறீர்கள். நான் இதைப் பல வருடம் யோசித்திருக்கிறேன். இந்த வகைத் தொடர்கள் நிற்பது புதிதில்லை. 1970இல் ஹால் ஹோல்புரூக் நடித்த ‘தி செனட்டர்’ ஒரே பருவத்தில் முடிந்தது, அடுத்த வருடம் எமி விருதுகளை அள்ளியும் திரும்ப வரவில்லை. இவர்களெல்லாம் முதல் வருடத்திலேயே உறைந்துபோனவர்கள். முதல் வருடத்தில் நல்லவனாக இருக்கத் தைரியம் மட்டும் போதும். யாருக்கும் இன்னும் கடன்படவில்லை, யாரும் இன்னும் வீட்டு வாசலில் வந்து நிற்கவில்லை. இரண்டாம் வருடத்து பில் ஸ்டெர்லிங் எப்படி இருப்பான் என்று எங்களுக்குத் தெரியாது. அது தெரியாததையே நாங்கள் அவனுடைய நேர்மையாக எடுத்துக்கொண்டு ஆறுதல் அடைகிறோம்.

எங்கள் ஊருக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் கூட. 1931இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த டொனமூர் யாப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளில் வேட்புமனுவே போகவில்லை, 1934 வரை கதிரைகள் வெறுமையாக இருந்தன. சாதிக்கும் சீதனத்துக்கும் எதிராக அந்தக் காலத்திலேயே பேசிய அந்த மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் அந்தக் கதிரைகளில் இருந்திருந்தால் கல்விக்கும் உள்ளூர் நிர்வாகத்துக்குமான குழுக்களில் என்ன செய்திருப்பார்கள் என்று யோசிக்கும்போது மனம் வலிக்கிறது. உள்ளே போகாதவரை நாங்கள் நினைவில் வைத்துப் போற்றுகிறோம். உள்ளே போய், பாதி வென்று பாதி தோற்று, சட்டையில் சேறு படத் திரும்பி வந்தவரை மறந்துவிடுகிறோம்.

என் பெரியப்பா அப்படி மறக்கப்பட்ட ஒருவர். கிராம சபைகள் இருந்த காலத்தில், அறுபதுகளில், ஒரு தவணை உறுப்பினர். முதல் வருடம் அவர் பேசிய பேச்சைச் சனம் சந்தியில் நின்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்ததாம். இரண்டாம் வருடம் ஒரு ஒழுங்கைக்குக் கல் போட்ட பில் வந்தது. அவருக்கு நீளத்தில் சந்தேகம். விடிய வெள்ளணக் கயிற்றுப் பந்தோடு போய், ஒரு முனையை மதகில் கட்டி, தனியாளாய் ஒழுங்கை முழுக்க அளந்தார். பில்லில் இருந்ததைவிடக் கல் போட்ட தூரம் எத்தனையோ பாகம் குறைவு. வேலை எடுத்தவர் அவருடைய சொந்தத் தங்கையின் மைத்துனர். அளந்த கணக்கைக் கூட்டத்தில் வைத்தார், பில் வெட்டப்பட்டது. தங்கை வீட்டுக் கலியாணம் ஒன்றுக்கும் பிறகு அவருக்கு அழைப்பு வரவில்லை. அந்தத் தங்கை, என் மாமி, இறந்தபோதுதான் அந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போனார்.

அவர் சொன்ன மற்றக் கதை இதைவிட முக்கியம். கோயிலுக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் கிணறு இல்லை. அந்தச் சனத்தை ஊர்க் கிணற்றில் அள்ளவும் விடமாட்டார்கள், யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்கவேண்டும். பெரியப்பா அங்கே ஒரு பொதுக்கிணறு வெட்டக் கேட்டார். வாக்குக் காணாது. கோயில் வீதிக்கு முதலில் தார் போட வேண்டும் என்று நின்றவர்கள்தான் கிணற்றை எதிர்த்தவர்கள். அவர் தார் வீதிக்குக் கை தூக்கினார், பதிலுக்கு அவர்களில் இருவர் கிணற்றுக்குத் தூக்கினார்கள். “விலை போயிட்டார்” என்று, முதல் வருடம் அவரைப் புகழ்ந்த அதே சந்தியில் கதைத்தார்களாம். டெக்கை நிறுத்தி வைத்துவிட்டு இதைச் சொன்னபோது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது, அப்போதும் குரல் தடுமாறியது. “நான் செய்தது பிழையெண்டு ஒருநாளும் நினைக்கேல்லை, ஆனா வலிச்சது” என்றார். கிணறு இப்போதும் இருக்கிறது. போன மாசி மாதம் எட்டிப் பார்த்தேன், தண்ணீர் நல்ல உயரத்தில் நின்றது.

பத்தாவது கிழமைக்குப் பிறகு வரும் நாட்கள் இப்படித்தான் இருக்கும் தங்கச்சி. அந்தத் தொடர் இதைக் காட்டமுதல் நின்றுவிட்டது, அது எனக்கு இன்றைக்கும் கவலை. நீங்கள் விலகினால் உங்கள் பெயர் நன்றாக இருக்கும், அந்தப் பட்டியலில் இருந்து இன்னொருவரைக் கட்சி போடும், தெருவிளக்கைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று அவருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள்.

செய்யக்கூடிய சிலதைச் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள், கணக்குப் படிப்பிக்கிற உங்களுக்கு அது கடினமாக இராது. தெருவிளக்குக் கேள்வியை அடுத்த கூட்டத்துக்கு எழுத்தில் கொடுங்கள். எத்தனை வாங்கினது, என்ன விலை, எந்த ஒழுங்கையில் எத்தனை எரிகிறது என்று தனித்தனியாக. கேட்டதையும் சொன்ன பதிலையும் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பை உறுதிப்படுத்தமுதல் ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். அந்தச் சபையில் வருடக்கணக்காகக் கோப்புப் பார்க்கிற, வாய் திறக்காத ஒரு எழுதுவினைஞர் கட்டாயம் இருப்பார். அவரைத் தேடிப் போய் மரியாதையாகக் கதையுங்கள். உங்களுக்கு வேண்டிய அலுவலகத் தலைவி அவராக இருக்கலாம்.

முடிந்தால் ஒரு இரவு, துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு, உங்கள் வட்டாரத்து விளக்குகளை நடந்து எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் எனக்கு எழுதுங்கள், அந்தத் தொகையை அறியக் காத்திருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்