பாயசமும் பி12-ம் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையோடு வாழ்வதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கும் இரைப்பை பைபாஸ் செய்து ஆறு வருடமாகிறது. 112 கிலோ இருந்தவள் 68-க்கு வந்தேன், சர்க்கரை மாத்திரையும் நின்றது. இப்போது எட்டு கிலோ ஏறிவிட்டது. பாதம் மரத்துப்போகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சத்து மாத்திரைகளை மூன்றாம் வருடமே விட்டுவிட்டேன். "அதான் நல்லா இருக்கியே" என்றார்கள் வீட்டில். நாங்கள் சைவம். கல்யாண வீட்டில் ஒரு டம்ளர் பாயசம் குடித்தாலே வியர்த்துக் கொட்டுகிறது. ஆபரேஷனே செய்திருக்கக் கூடாதோ?

ச., கோவை

அன்புள்ள ச.,

முதலில் பாதத்தைப் பார்ப்போம். இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். வைட்டமின் பி12, ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டுவது), ஹீமோகுளோபின், வைட்டமின் டி பார்க்கச் சொல்லுங்கள். மரத்துப்போவதால் தயமின் (வைட்டமின் பி1), செம்புச் சத்து பற்றியும் கேளுங்கள்.

பி12 உடலில் சேர, இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். உங்கள் சாப்பாடு இப்போது இரைப்பையின் பெரும்பகுதியைத் தொடாமலே இறங்கிவிடுகிறது. ஆனால் கல்லீரலில் சில வருடங்களுக்கான இருப்பு இருக்கும். அதனால்தான் மாத்திரையை விட்டதும் ஒன்றும் தெரியவில்லை. சைவ உணவில் பால், தயிரை விட்டால் பி12 அநேகமாகக் கிடையாது, ஆகவே உங்களுக்கு அந்த இருப்பே குறைவாக இருந்திருக்கலாம். பி12 குறைந்தால் நரம்பு கெட்டுப் பாதம் மரத்துப்போகலாம். தாமதித்தால் அந்தச் சேதம் முழுதாக மீளாமலே போகக்கூடும். ஊசி தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும். அதுவரை ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ரத்தம் தேறியதுபோல் காட்டும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

இரும்பு அதிகம் உறிஞ்சப்படுகிற முன்சிறுகுடலையும் உங்கள் சாப்பாடு தாண்டிப்போகிறது. மூச்சு வாங்குவதற்கு, இரும்பு குறைந்து வரும் ரத்தசோகை காரணமாக இருக்கலாம். இரும்பு மாத்திரையைக் கால்சியத்தோடும் காபியோடும் சேர்க்க வேண்டாம். குடல் பாதை இப்படி இருக்கும்வரை மாத்திரையும் இருக்கும் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்கு முன் இதை நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கே உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை என்பது எனக்குத் தீராத கோபம்.

பாயசத்தின் சர்க்கரை சிறுகுடலில் மொத்தமாக இறங்கும்போது உடல் அங்கே தண்ணீரை இழுக்கிறது. படபடப்பு, வியர்வை, வயிற்றுவலி எல்லாம் அதில் வருபவை. அதே வியர்வையும் படபடப்பும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். வீட்டுச் சர்க்கரை மீட்டரில் பார்த்து அளவைக் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். பந்தியில் பாயசம் வேண்டாமென்றால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

எட்டு கிலோவுக்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி, பல வகை எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். முதல் ஓரிரு வருடத்தில் எடை அடிமட்டத்துக்கு வந்து, பிறகு கொஞ்சம் ஏறித்தான் நின்றது. அப்படியிருந்தும், செய்துகொள்ளாதவர்களைவிட அவர்களிடையே மரணம் குறைவு என்று 2007-இல் வெளியிட்டார்கள். நானும் உங்களைப் போல அதே அறுவையோடுதான் வாழ்கிறேன், செய்துகொண்டதற்கு வருந்தவில்லை. உங்கள் சர்க்கரை மாத்திரை நின்றதையும் சிறிதாக எண்ண வேண்டாம். எடை ஏறியிருப்பதால் அதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: மூட்டுவலி, பல்வலி என்று டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போடாதீர்கள். இரைப்பையும் குடலும் இணைத்த இடத்தில் புண் வரும். பல் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். வெறுமனே பைபாஸ் என்றால் இதயம் என்று நினைப்பார்கள், இரைப்பை என்று சேர்த்துச் சொல்லுங்கள். பி12 முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.